வீட்டில் கட்டிய சிஎன்சியில் மின்னிரைச்சல்: அறிகுறியிலிருந்து காரணத்தை அடையும் வழிமுறை

ஸ்பிண்டில் (வெட்டும் கருவியைச் சுழற்றும் மோட்டார்) நின்றிருக்கும்போது மணிக்கணக்கில் பிசகாமல் நகரும் சிஎன்சி, அதாவது கணினிக் கட்டளைப்படி வெட்டும் இயந்திரம், ஸ்பிண்டிலை ஓடவிட்ட சில நொடிகளிலேயே, அச்சின் எல்லையைக் காட்டும் லிமிட் சுவிட்ச் எதுவும் தொடப்படாமல் லிமிட் அலாரம் எழுப்பி நின்றுவிடுகிறது; அல்லது கணினியுடனான தொடர்பை இழந்து, பாதி வெட்டிய பலகையை வீணாக்குகிறது. இப்படி நேர்ந்தவுடன் ஷீல்டு கேபிளும் (உலோக உறை சுற்றிய கேபிள்) ஃபெரைட் வளையமும் (இரைச்சலைத் தடுக்கக் கேபிளில் மாட்டும் காந்த வளையம்) வாங்கிக் கைக்கு எட்டிய இடத்திலெல்லாம் மாட்டத் தொடங்குவது வழக்கமாக இருக்கிறது. அவை பயனுள்ள பொருள்களே. ஆனால் இரைச்சல், அதாவது வயர்களில் புகும் வேண்டாத மின்துடிப்பு, எங்கே பிறக்கிறது, எந்த வழியாகச் செல்கிறது, எந்த உள்ளீட்டில் போய் விழுகிறது என்ற மூன்றும் தெரியாமல் மாட்டினால், கோளாறு ஒரு வாரம் மறைந்திருந்து மறுவாரம் திரும்பி வரும். எனவே இங்கே ஒவ்வொரு அறிகுறியாக எடுத்துக்கொண்டு, அதிலிருந்து காரணத்தை நோக்கிச் செல்லும் சோதனைகளையும், அதன் பிறகே தீர்வையும் சொல்கிறேன்.

முதலில் மூலத்தைப் பற்றி. பெரும்பாலான வீட்டு இயந்திரங்களில் இரைச்சலை அதிகம் எழுப்புவது ஸ்பிண்டிலை இயக்கி அதன் வேகத்தை மாற்றும் விஎஃப்டி என்ற மின்கருவி. அது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை ஏறத்தாழ 325 வோல்ட் நேர்த்திசை மின்சாரமாக மாற்றி, அதை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி மோட்டாருக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு வெட்டிலும் மின்னழுத்தம் ஒரு மைக்ரோநொடிக்கும் குறைவான நேரத்தில் முழு 325 வோல்ட்டையும் தாண்டுகிறது. மோட்டார் கேபிளுக்கும் எர்த்துக்கும் இடையே, சுருளுக்கும் மோட்டாரின் உடலுக்கும் இடையே, நாம் வைக்காத ஒரு சிறு மின்தேக்கம் எப்போதும் உண்டு. அது 1 நானோஃபாரட் என்றும், தாவல் 100 நானோநொடியில் முடிகிறது என்றும் வைத்துக் கணக்கிட்டால், ஒவ்வொரு தாவலிலும் 3 ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் ஒரு கண உச்சமாக எர்த்துக்குள் பாய்கிறது. அந்த மின்னோட்டம் எப்படியாவது விஎஃப்டிக்குத் திரும்பியே ஆக வேண்டும். அதற்கு நாம் குறுகிய, நேரான வழியைக் கொடுத்தால் அதன் வழியே போகும். கொடுக்காவிட்டால் லிமிட் சுவிட்ச் வயர், யுஎஸ்பி கேபிளின் ஷீல்டு, கண்ட்ரோலரின் (இயந்திரத்துக்குக் கட்டளையிடும் மின்பலகை) தரை இணைப்பு (சுற்றின் 0 வோல்ட்) என்று கிடைத்த வழியிலெல்லாம் புகுந்து திரும்பும். கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்தத் திரும்பும் மின்னோட்டத்தின் வெவ்வேறு முகங்களே.

கைவைப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. விஎஃப்டிக்குள் உள்ள பெரிய மின்தேக்கிகள் மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் பல நிமிடங்கள் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும். அதன் மேல் அச்சிட்டிருக்கும் காத்திருப்பு நேரம் முழுவதும் காத்திருந்து, நேர்த்திசை முனைகளை மல்டிமீட்டரால் அளந்து, மின்னழுத்தம் இறங்கிவிட்டது என்று கண்ணால் கண்ட பிறகே முனைகளைத் தொட வேண்டும். இரைச்சல் குறைகிறது என்பதற்காகப் பாதுகாப்பு எர்த்தை எந்த நிலையிலும் கழற்றக் கூடாது.

தொடக்கச் சோதனை: எதை இயக்கும்போது வருகிறது?

இயந்திரத்தை நான்கு நிலைகளில் தனித்தனியே பத்து நிமிடங்கள் விட்டுப் பாருங்கள். முதலில் ஸ்டெப்பர் டிரைவர்களுக்கு (அச்சுகளை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார்களை இயக்கும் கருவிகள்) மின்சாரம் கொடுத்து, விஎஃப்டியைச் சுவரிலிருந்தே துண்டித்த நிலை. அடுத்து விஎஃப்டிக்கு மின்சாரம் கொடுத்து ஸ்பிண்டிலை ஓட்டாத நிலை. மூன்றாவதாக ஸ்பிண்டில் வெறும் காற்றில் ஓடும் நிலை. கடைசியாக வாக்குவம், குளிர்விக்கும் பம்பு ஆகியவையும் சேர்ந்து ஓடும் நிலை. கோளாறு எந்த நிலையில் முதன்முதலாகத் தோன்றுகிறதோ, அந்த நிலையில் புதிதாகச் சேர்ந்த பொருளே மூலம். முதல் நிலையிலேயே தோன்றினால் விஎஃப்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. மின்வழங்கியையும் ஸ்டெப்பர் மோட்டார் கேபிள்களையும் பார்க்க வேண்டும், ஏனெனில் ஸ்டெப்பர் டிரைவர்களும் மின்னோட்டத்தை வெட்டியே கட்டுப்படுத்துகின்றன.

இந்த வேலைக்கு ஆஸிலோஸ்கோப் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. மத்திய அலை வாங்கும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவை, நிலையம் எதுவும் கேட்காத இடத்தில் வைத்து, கேபிள்களின் ஓரமாக மெதுவாக நகர்த்தினால், எந்த கேபிள் அதிகம் கதிர்வீசுகிறது என்பதைக் கரகரப்பின் உயர்விலேயே அறியலாம். ஸ்கோப் வைத்திருப்பவர்கள் புரோபின் முனையை அதன் எர்த் கிளிப்போடு சேர்த்து ஒரு சிறு வளையமாக்கி, அந்த வளையத்தை எதையும் தொடாமல் கேபிளுக்கு அருகே காட்டினால் போதும். எர்த் கிளிப்பை விஎஃப்டியின் வெளியீட்டு முனையிலோ நேர்த்திசை முனையிலோ ஒருபோதும் மாட்டாதீர்கள். ஸ்கோப்பும் விஎஃப்டியும் ஒரே நொடியில் பாழாகும், கையும் தப்பாது.

அறிகுறி: எந்தச் சுவிட்சும் அழுந்தாமல் லிமிட் அலாரம் வருகிறது

மிகப் பரவலாகக் காணப்படும் அறிகுறி இது. அலாரம் வந்தவுடன் கண்ட்ரோலரின் நிலை அறிக்கையைப் பாருங்கள். லிமிட் உள்ளீடு தொடர்ந்து செயல்நிலையில் இருப்பதாகக் காட்டினால், சுவிட்ச் சிக்கியிருக்கிறது அல்லது வயர் அறுந்திருக்கிறது. அலாரம் மட்டும் வந்து, உள்ளீடு அமைதியாக இருப்பதாகக் காட்டினால் அது மின்னிரைச்சலே.

இது ஏன் இவ்வளவு எளிதாக நேர்கிறது என்பதற்குக் கண்ட்ரோலரின் அமைப்பே காரணம். அட்மெகா 328 போன்ற சிப்பின் உள்ளே இருக்கும், உள்ளீட்டை 5 வோல்ட் பக்கம் இழுத்துவைக்கும் புல்-அப் ரெசிஸ்டர் 20 முதல் 50 கிலோஓம் வரையான மதிப்புடையது. அந்த உள்ளீட்டிலிருந்து, ஸ்பிண்டிலைச் சுமந்து நகரும் பாலமான கேன்ட்ரியின் கடைசி வரை செல்லும் இரண்டு மூன்று மீட்டர் வயர் ஓர் ஆன்டெனாவாகவே வேலை செய்கிறது. அதில் ஏறும் மிகச் சிறிய மின்னோட்டமும் அந்தப் பெரிய மின்தடையின் குறுக்கே பல வோல்ட்டாக மாறிவிடுகிறது. இதோடு, ஜிஆர்பிஎல் என்ற கண்ட்ரோலர் மென்பொருள் தன் இயல்பான அமைப்பில் லிமிட் உள்ளீடு ஒரு கணம் மாறினாலே உடனே நிறுத்திவிடும். அந்த மாற்றம் நிலைத்ததா என்று மறுபடி சரிபார்ப்பதில்லை. சில மைக்ரோநொடிகளே நீடித்த ஒரு துடிப்பு ஒரு மணி நேர வேலையை நிறுத்திவிட இதுவே போதுமானது.

இரைச்சல் வயர் வழியாக வருகிறதா, கண்ட்ரோலர் பலகை வழியாகவே வருகிறதா என்பதை இப்போது பிரித்தறிய வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கண்ட்ரோலரின் முனையிலேயே எல்லா லிமிட் வயர்களையும் கழற்றுங்கள். சுவிட்சுகள் என்சி வகை, அதாவது அழுத்தும் வரை மூடியே இருப்பவை என்றால், அந்த முனைகளை மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள துண்டு வயரால் தரையோடு குறுக்கிணையுங்கள். ஸ்பிண்டிலைப் பத்து நிமிடங்கள் ஓடவிடுங்கள். அலாரம் வரவில்லை என்றால் நீண்ட வயர்தான் வழி. அந்தத் துண்டு வயர் இருந்தும் அலாரம் வந்தால், இரைச்சல் மின்வழங்கி வழியாகவோ யுஎஸ்பி வழியாகவோ பலகைக்குள் நுழைகிறது. லிமிட் வயரை எத்தனை முறை மாற்றினாலும் தீராது. இந்தப் பத்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் கேபிள் முழுவதையும் மாற்றி, பிறகு ஏமாந்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

வயர்தான் வழி என்று தெரிந்தால், நான் பின்பற்றும் வரிசை இது. முதலில் சுவிட்சுகளை என்சி வகைக்கு மாற்றுகிறேன். மூடிய சுற்றில் உள்ளீடு சுவிட்ச் வழியாகத் தரையோடு மிகக் குறைந்த மின்தடையில் பிணைந்திருப்பதால், இரைச்சல் அதை அசைப்பது கடினம். வயர் அறுந்தாலும் இயந்திரம் உடனே நின்றுவிடும் என்பது கூடுதல் பாதுகாப்பு. அடுத்து, ஒவ்வொரு சுவிட்சுக்கும் போகும் வயரும் வரும் வயரும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருக்க வேண்டும். திரும்பும் வயரைச் சேமிப்பதற்காக இயந்திரத்தின் சட்டத்தையே தரையாகப் பயன்படுத்துவது கூடாது. பிறகு, 5 வோல்ட்டிலிருந்து உள்ளீட்டுக்கு வெளியே ஒரு 4.7 கிலோஓம் ரெசிஸ்டரும், உள்ளீட்டிலிருந்து தரைக்கு 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும், கண்ட்ரோலரின் முனையை ஒட்டியே வைக்கப்பட வேண்டும். சுவிட்சின் பக்கம் வைத்தால் வயரில் ஏறும் இரைச்சலை அது தடுக்காது.

மின்தேக்கி வைத்தால் ஹோமிங் (சுவிட்சைத் தொட்டுத் தொடக்கப் புள்ளியைக் கண்டறிதல்) துல்லியம் கெடுமோ என்று அஞ்சுபவர்கள் கணக்கைப் பார்க்கலாம். மேற்கண்ட மதிப்புகளின் கால மாறிலி 0.47 மில்லிநொடி. நிமிடத்துக்கு 1000 மில்லிமீட்டர் வேகத்தில் அந்த நேரத்துக்குள் இயந்திரம் நகர்வது 0.008 மில்லிமீட்டர், மெதுவாக நெருங்கும் இரண்டாவது தொடுகையில் இன்னும் குறைவு. ஆனால் அலாரம் நிற்கவில்லை என்று 10 மைக்ரோஃபாரட் வரை கூட்டிக்கொண்டே போவது தவறு. அப்போது தாமதம் நூறு மடங்காகி, சுவிட்ச் தன் கடமையைச் செய்ய வேண்டிய நேரத்தில் இயந்திரம் சட்டத்தில் மோதிவிடலாம். மென்பொருளில், சுவிட்ச் தொட்டால் நிறுத்தும் ஹார்ட் லிமிட்டை அணைத்துவிடுவதும் அப்படித்தான்: அறிகுறி மறையும், இரைச்சல் அப்படியே இருந்து அடுத்த பலவீனமான உள்ளீட்டைத் தேடிப் போகும்.

இவை போதவில்லை என்றால், உறுதியான தீர்வு லிமிட் சுற்று முழுவதையும் 24 வோல்ட்டில் இயக்கி, கண்ட்ரோலரின் வாயிலில், மின் தொடர்பின்றி ஒளியால் சிக்னலைக் கடத்தும் ஆப்டோகப்ளர் வைப்பது. ஆப்டோகப்ளரின் எல்இடி எரியச் சில மில்லிஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். இரைச்சலால் மின்னழுத்தத்தை எளிதாக எழுப்ப முடிந்தாலும், அத்தனை மின்னோட்டத்தைத் தொடர்ந்து கொடுப்பது அரிது. பிராக்சிமிட்டி சென்சர் (தொடாமலே நெருக்கத்தை உணர்வது) பயன்படுத்துபவர்களுக்கு இது இரட்டிப்புத் தேவை. மூன்று வயர் சென்சரில் பழுப்பு மின்வழங்கல், நீலம் தரை, கறுப்பு சிக்னல். சில என்பிஎன் வகை (சிக்னலைத் தரைப் பக்கம் இழுக்கும்) சென்சர்களின் உள்ளேயே கறுப்பு வயருக்கும் பழுப்பு வயருக்கும் இடையே ஒரு ரெசிஸ்டர் இருக்கும். அதை அறியாமல் 24 வோல்ட் கொடுத்து, கறுப்பு வயரை நேராக 5 வோல்ட் உள்ளீட்டில் செருகினால் அந்த முனை கெட்டுப்போகலாம்.

அறிகுறி: வேலையின் நடுவே கணினித் தொடர்பு அறுந்துபோகிறது

இங்கே இரண்டு வெவ்வேறு கோளாறுகள் ஒரே தோற்றத்தில் வருகின்றன. அவற்றைப் பிரிப்பது எளிது. கட்டளைப் பலகத்தைத் திறந்து வைத்திருங்கள். நின்றவுடன் ஜிஆர்பிஎல்லின் தொடக்க வாசகம் தானாக அங்கே தோன்றியிருந்தால், பலகை ரீசெட் ஆகியிருக்கிறது. எந்த வாசகமும் இல்லாமல் போர்ட்டே கணினியின் பட்டியலிலிருந்து மறைந்து, பிடுங்கிச் செருகினால்தான் திரும்ப வருகிறது என்றால், யுஎஸ்பி இணைப்பு அறுந்திருக்கிறது.

பலகை ரீசெட் ஆனது என்றால், அதை உடனே இரைச்சல் என்று முடிவு செய்துவிட வேண்டாம். 5 வோல்ட் மின்வழங்கல் ஒரு கணம் தாழ்வதாலும் அது நேரும். பலகையிலிருந்து ரிலேக்களுக்கும் மின்விசிறிக்கும் மின்சாரம் எடுத்திருந்தால், அவற்றைத் தனி மின்வழங்கிக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள். அது தீர்க்கவில்லை என்றால் ரீசெட் முனை, அவசர நிறுத்த முனை ஆகியவற்றிலிருந்து நீளும் வயர்களை லிமிட் வயர்களைப் போலவே சோதிக்க வேண்டும்.

யுஎஸ்பி அறுந்தால் காரணம் பெரும்பாலும் எர்த் வளையம். மேசைக் கணினி தன் எர்த்தை ஒரு சாக்கெட்டில் எடுக்கிறது; சிஎன்சியின் பெட்டி வேறொரு சாக்கெட்டில் எடுக்கிறது; இரண்டையும் யுஎஸ்பியின் ஷீல்டும் தரை வயரும் மூன்றாவது வழியாக இணைக்கின்றன. விஎஃப்டிக்குத் திரும்ப வேண்டிய மின்னோட்டத்தின் ஒரு பகுதி அந்த மூன்றாவது வழியில் ஓடுகிறது. மடிக்கணினியை சார்ஜரிலிருந்து கழற்றி, பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். கோளாறு நின்றுவிட்டால் வளையம் உறுதி. இரண்டையும் ஒரே சாக்கெட் பலகைக்குக் கொண்டுவருவது, கேபிளை ஒன்றரை மீட்டருக்குள் சுருக்குவது, விஎஃப்டி கேபிளிலிருந்து விலக்கிச் செலுத்துவது ஆகிய மூன்றும் செலவில்லாதவை. அதற்கும் மேல் தேவைப்பட்டால், இரு பக்கங்களின் மின் தொடர்பைப் பிரிக்கும் யுஎஸ்பி ஐசோலேட்டர் வேண்டும். வாங்குமுன், உங்கள் பலகையின் வேகத்துக்கு அது ஏற்றதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கண்ட்ரோலரைப் புதிதாகத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு என் பரிந்துரை ஈதர்நெட் உள்ள பலகை. அதன் ஒவ்வொரு போர்ட்டிலும் டிரான்ஸ்ஃபார்மர் தனிமைப்படுத்தல் இயல்பாகவே இருப்பதாலும், தொலைந்த தரவை மறுபடி கேட்டுப் பெறும் வழிகள் அதில் உண்டு என்பதாலும், இந்த வகைத் தொல்லை வெகுவாகக் குறைகிறது.

மேற்கண்ட இரண்டு அறிகுறிகளுக்கும் வேர்: ஸ்பிண்டில் கேபிளும் எர்த்தும்

பாதிக்கப்படும் உள்ளீட்டைக் காப்பது ஒரு பாதி. மூலத்திலேயே அடக்குவது மறு பாதி, என் மதிப்பில் பெரிய பாதி. ஸ்பிண்டிலின் கேபிள் நான்கு வயர் கொண்ட ஷீல்டு கேபிளாக இருக்க வேண்டும்: மூன்று வயர்கள் மோட்டாரின் மூன்று கட்டங்களுக்கு, நான்காவது எர்த்துக்கு. ஷீல்டு இரண்டு முனைகளிலும் இணைக்கப்பட வேண்டும்: விஎஃப்டி பக்கம் அதன் எர்த்திலும், மோட்டார் பக்கம் ஸ்பிண்டிலின் உடலிலும்.

ஷீல்டை ஒரு முனையில் மட்டும்தான் இணைக்க வேண்டும் என்ற விதி பலர் மனத்தில் பதிந்திருப்பதால் இதை விளக்கியாக வேண்டும். லிமிட் சுவிட்ச், 0 முதல் 10 வோல்ட் வரையான வேகக் கட்டளை போன்ற மெதுவான சிக்னல்களுக்கு அந்த விதி பொருந்தும். அங்கே ஷீல்டைக் கண்ட்ரோலர் பக்கம் மட்டும் இணைப்பதன் நோக்கம், ஷீல்டில் எர்த் மின்னோட்டம் ஓடாமல் தடுப்பது. மோட்டார் கேபிளில் நோக்கம் நேர்மாறானது. மோட்டாரின் உடலுக்குள் பாய்ந்த உயர் அதிர்வெண் மின்னோட்டம் ஷீல்டு வழியாகவே விஎஃப்டிக்குத் திரும்ப வேண்டும் என்று விரும்புகிறோம். ஒரு முனையைத் திறந்து விட்டால் அந்த வழி மூடப்பட்டு, மின்னோட்டம் சட்டம் வழியாக அலையத் தொடங்கும்.

என் சொந்த இயந்திரத்தில் நேர்ந்ததைச் சொல்கிறேன். நான்கு ஊசிகள் கொண்ட வட்ட இணைப்பியுடன் வந்த நீர்க்குளிர்ச்சி ஸ்பிண்டில் அது. நான்காவது ஊசி எர்த் என்று நம்பி, பச்சை வயரை அதில் பற்றவைத்து, இரண்டு மாதங்கள் அலாரத்தோடு போராடினேன். ஒருநாள் மல்டிமீட்டரின் ஒரு முனையை அந்த நான்காவது ஊசியிலும், மறு முனையை, வெட்டும் கருவியைப் பிடிக்கும் கோலட் நட்டிலும் வைத்தேன். மீட்டர் எந்த அளவும் காட்டவில்லை. மேல் மூடியின் நான்கு திருகுகளைக் கழற்றிப் பார்த்தபோது, மூன்று சுருள் வயர்கள் மட்டும் ஊசிகளுக்கு வந்திருந்தன. நான்காவது ஊசியின் பின்புறம் ஈயம் படாமல் பளபளத்துக்கொண்டிருந்தது. ஸ்பிண்டிலின் உடல் அத்தனை நாளும் எர்த் இல்லாமலே இருந்திருக்கிறது. மூடியின் உட்புறத்தில் ஒரு திருகின் அடியில் பூச்சைச் சுரண்டி, வளைய லக்கு வைத்து, அந்த ஊசிக்கு ஒரு குட்டை வயரைப் பற்றவைத்தேன். அன்றைக்கே அலாரம் பெரும்பாலும் அடங்கியது. இரைச்சலைவிட முக்கியமானது, சுருளின் காப்பு என்றாவது கெட்டிருந்தால் அந்த உலோக உடல் முழுவதும் உயிர்க்கொல்லியாகியிருக்கும் என்பது. ஆகவே உங்கள் ஸ்பிண்டில் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், இந்த அளவீட்டை முதல் நாளே செய்யுங்கள். ஊசிக்கும் உடலுக்கும் இடையே ஓர் ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும்.

அதே கண்ணோட்டத்தோடு சட்டத்தையும் பாருங்கள். அலுமினியம் எக்ஸ்ட்ரூஷன்களின் அனோடைஸ் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. பத்துத் துண்டுகளைப் போல்ட்டால் இணைத்த சட்டம், பார்வைக்கு ஒரே உலோகமாகத் தெரிந்தாலும் மின்னியலில் பத்துத் தனித் தீவுகளாக இருக்கலாம். பல்வைத்த வாஷர் அந்தப் பூச்சைக் கிழித்துத் தொடர்பு தரும். ஐயமான இடத்தில் சுரண்டியே இணைப்பது நல்லது. கண்ட்ரோல் பெட்டியின் பின்தகட்டில் பெயின்ட் சுரண்டிய ஓரிடத்தை எர்த் புள்ளியாக வைத்து, விஎஃப்டி, மின்வழங்கிகள், சட்டம், கேபிள் ஷீல்டுகள் ஆகிய ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனி வயர் அங்கே வரட்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சங்கிலியாகத் தொடுத்தால், விஎஃப்டியின் மின்னோட்டம் கண்ட்ரோலரின் எர்த் வழியாக ஓடும்.

வயரின் நீளம் ஏன் இவ்வளவு பொருட்டு என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு மீட்டர் வயரின் தூண்டல் ஏறத்தாழ 1 மைக்ரோஹென்றி. மல்டிமீட்டருக்கு அது கிட்டத்தட்ட பூஜ்ஜியம் ஓம். ஆனால் 10 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அதே வயர் ஏறத்தாழ 63 ஓம் எதிர்ப்புத் தருகிறது. ஷீல்டைப் பிரித்து முறுக்கி, பதினைந்து சென்டிமீட்டர் வாலாக நீட்டி எர்த்தில் மாட்டினால், ஷீல்டின் பயனில் பெரும்பகுதி அந்த வாலிலேயே தொலைந்துவிடுகிறது. ஷீல்டை முழுச் சுற்றிலும் கவ்வும் உலோகக் கிளாம்பே சரியானது. சட்டத்தின் எர்த்துக்கு உலோகப் பின்னல் பட்டை நல்லது.

விஎஃப்டியின் கேரியர் அதிர்வெண்ணை, அதாவது நொடிக்கு எத்தனை முறை வெட்டுகிறது என்பதை, குறைப்பதும் உதவும். நொடிக்கு நிகழும் தாவல்களின் எண்ணிக்கை குறைவதால், இரைச்சல் உள்ளீட்டில் விழும் வாய்ப்பும் குறைகிறது. ஆனால் 24,000 சுற்று வேகத்தில் 400 ஹெர்ட்ஸில் ஓடும் ஸ்பிண்டிலுக்குக் கேரியர் 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் மின்னோட்ட வடிவம் கெட்டு மோட்டார் சூடாகும். ஃபெரைட் வளையம் வைப்பவர்கள் மூன்று கட்ட வயர்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே வளையத்துக்குள் செலுத்த வேண்டும், எர்த் வயரை வெளியே விட வேண்டும். ஒற்றை வயரை மட்டும் செலுத்தினால் மோட்டார் மின்னோட்டத்தாலேயே வளையம் நிறைவுற்றுப் பயனற்றுப் போகும். சுற்றுகளின் இருமடிக்கேற்பத் தூண்டல் உயர்வதால், மூன்று முறை சுற்றினால் ஒன்பது மடங்கு கிடைக்கும். மோட்டார் கேபிளுக்கும் சிக்னல் கேபிள்களுக்கும் இடையே இருபது, முப்பது சென்டிமீட்டர் இடைவெளி வையுங்கள். குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

அறிகுறி: வெட்டிய பொருளின் அளவு பிசகுகிறது, அச்சு மெல்ல நகர்ந்துபோகிறது

இதில் இரைச்சலின் பங்கு பலர் நினைப்பதைவிடக் குறைவு. ஆகவே மற்றவற்றை விலக்கிவிட்டே இரைச்சலுக்கு வர வேண்டும். ஒரு டயல் கேஜைத் தொடக்கப் புள்ளியில் பொருத்தி, அச்சை 100 மில்லிமீட்டர் முன்னும் பின்னும் 200 முறை காற்றிலேயே ஓட்டுங்கள். இதை முதலில் ஸ்பிண்டில் நின்ற நிலையிலும், பிறகு ஓடும் நிலையிலும் செய்யுங்கள்.

ஸ்பிண்டில் நின்றிருக்கும்போதே ஒரே திசையில் சீராக விலகினால், அது டைரக்ஷன் (திசை) சிக்னலின் நேரக் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். பரவலாகப் புழங்கும் டிஎம் 542 வகை டிரைவர்கள், டைரக்ஷன் மாறி 5 மைக்ரோநொடிகள் கழிந்த பிறகே அடுத்த ஸ்டெப்பை (ஓர் அடி நகர்த்தும் துடிப்பை) எதிர்பார்க்கின்றன. ஸ்டெப் துடிப்பின் ஏறும் முனையா இறங்கும் முனையா என்பதைத் தவறாக அமைத்திருந்தாலும் இதே விளைவு. 5 மில்லிமீட்டர் பிட்ச் ஸ்க்ரூவில் சுற்றுக்கு 1600 மைக்ரோஸ்டெப் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு 320 ஸ்டெப். ஒவ்வொரு முன்பின் ஓட்டத்திலும் ஒரே ஒரு ஸ்டெப் பிசகினாலும் 200 முறைக்குப் பிறகு 0.625 மில்லிமீட்டர் விலகும். இதற்கு மருந்து மென்பொருள் அமைப்பில்தான் இருக்கிறது. விலகல் ஒழுங்கில்லாமலும் பெரிதாகவும் இருந்தால், மோட்டார் திணறுகிறது அல்லது கப்ளிங்கின் திருகு வழுக்குகிறது. ஷாஃப்டிலும் கப்ளிங்கிலும் சேர்த்து ஒரு கோடு வரைந்து வைத்தால் வழுக்கல் கண்ணுக்கே தெரியும்.

ஸ்பிண்டில் ஓடும்போது மட்டும் விலகினால், அப்போதுதான் ஸ்டெப் வயரில் இரைச்சல் என்று சொல்லலாம். டிரைவரின் ஸ்டெப், டைரக்ஷன் இரண்டுக்கும் தனித்தனியே முறுக்கிய ஜோடி வயர் கொடுங்கள். பொதுவான ஒற்றைத் தரை வயரைப் பகிர வேண்டாம். 3.3 வோல்ட் கண்ட்ரோலர் 5 வோல்ட் உள்ளீட்டுக்கான டிரைவரை நேராக இயக்கினால், ஆப்டோகப்ளரின் மின்னோட்டம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். அது ஓடுவது போலவே தோன்றி, இரைச்சல் கூடும்போது கைவிடும். இடையில் ஒரு 5 வோல்ட் பஃபர் சிப் வைப்பது நல்லது. லிமிட் உள்ளீட்டுக்கு வைத்த மின்தேக்கியை இங்கே வைக்கக் கூடாது. சில மைக்ரோநொடித் துடிப்பையே அது அழித்துவிடும். ஸ்டெப்பர் மோட்டாரின் வயரை மின்சாரம் இருக்கும்போது பிடுங்கிச் சோதிப்பதும் கூடாது, டிரைவர் கெட்டுவிடும்.

அறிகுறி: ஸ்பிண்டிலின் வேகம் தானாக ஏறி இறங்குகிறது

0 முதல் 10 வோல்ட் கட்டளையில் 24,000 சுற்றுகள் என்றால், ஒரு வோல்ட்டுக்கு 2,400 சுற்றுகள். 50 மில்லிவோல்ட் இரைச்சலே 120 சுற்றுகளாகக் காதில் கேட்கும். முறுக்கிய ஷீல்டு ஜோடியில் சிக்னலையும் அதன் தரையையும் சேர்த்து அனுப்பி, ஷீல்டைக் கண்ட்ரோலர் பக்கம் மட்டும் இணையுங்கள். விஎஃப்டி ஏற்குமானால் ஆர்எஸ் 485 என்ற தரவு இணைப்பு வழியாக எண்ணாகவே வேகத்தை அனுப்புவது இதைவிட உறுதியானது. நீண்ட கேபிளானால் இரு கடைசிகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வேண்டும்.

அறிகுறி: விஎஃப்டியைப் போட்டவுடன் கசிவு மின்னோட்டப் பிரேக்கர் விழுகிறது

விஎஃப்டியின் முன் வைத்த இரைச்சல் ஃபில்டரில் எர்த்துக்குப் போகும் மின்தேக்கிகள் உள்ளன. அவற்றின் கசிவும் மோட்டார் கேபிளின் கசிவும் சேர்ந்து 30 மில்லிஆம்பியர் பிரேக்கரை விழச் செய்யலாம். கேபிளைச் சுருக்குவது, கேரியரைக் குறைப்பது, கசிவு குறைந்த ஃபில்டரைத் தேர்ந்தெடுப்பது, விஎஃப்டியின் கையேடு கோரும் வகைப் பிரேக்கரைத் தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டு மாட்டுவது ஆகியவையே வழிகள். சுருளின் காப்பு உண்மையிலேயே கெட்டிருப்பதாலும் பிரேக்கர் விழலாம் என்பதால், அதைச் சோதிக்காமல் முடிவுக்கு வர வேண்டாம்.

அறிகுறி: பம்பு அல்லது வாக்குவம் அணையும் அந்த நொடியில் மட்டும் கோளாறு வருகிறது

ரிலே, கான்டாக்டர், சோலினாய்டு வால்வு ஆகியவற்றின் சுருள் அணையும்போது எழும் எதிர் மின்னழுத்தமே காரணம். நேர்த்திசைச் சுருளுக்கு 1என்4007 டையோடைத் தலைகீழாக, சுருளின் முனைகளிலேயே இணையுங்கள். மாறுதிசைச் சுருளுக்கு 100 ஓம் ரெசிஸ்டரும், மெயின்ஸுக்கான எக்ஸ்2 வகை 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் தொடராக அமைந்த ஸ்னப்பர் வேண்டும்.

வாக்குவம் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதுவும் காற்று வறண்ட நாள்களில் மட்டும் வந்தால், அது நிலைமின்சாரம். தூசு பிளாஸ்டிக் குழாயில் உராய்ந்து ஏற்றும் மின்னூட்டம் திடீரென்று சட்டத்துக்கோ சென்சருக்கோ பாய்கிறது. குழாயின் உள்ளே அல்லது மேலே வெற்றுச் செம்பு வயரைச் சுற்றி, இரு முனைகளையும் எர்த்தில் இணைத்தால் குறையும்.

அறிகுறி: கேன்ட்ரி குறிப்பிட்ட ஓரிடத்துக்கு வரும்போது மட்டும் அலாரம் வருகிறது

இது பல மாதங்கள் நன்றாக ஓடிய இயந்திரத்தில் தோன்றும். இழுவைச் சங்கிலிக்குள் ஆயிரக்கணக்கான முறை வளைந்த கேபிளில், ஷீல்டின் இழைகளோ எர்த் வயரின் இழைகளோ ஒவ்வொன்றாக அறுந்து, ஒரு வளைவில் தொட்டும் மறு வளைவில் தொடாமலும் நிற்கின்றன. மின்சாரத்தைத் துண்டித்து, காத்திருந்து, கேபிளின் விஎஃப்டி முனையைக் கழற்றி, அங்குள்ள எர்த் வயருக்கும் ஸ்பிண்டில் உடலுக்கும் இடையே மீட்டரை வையுங்கள். ஷீல்டையும் சட்டத்தின் எர்த் வயரையும் இரு முனைகளிலும் விடுவித்துவிட்டு அளந்தால்தான் அறுந்த வழி வேறொரு வழியின் பின்னால் மறையாது. மீட்டரைப் பார்த்துக்கொண்டே கேன்ட்ரியை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை கையால் மெல்லத் தள்ளுங்கள். எண் ஓரிடத்தில் துள்ளினால், அதே சோதனையை ஷீல்டுக்கும் தனியே செய்து, தொடர்ந்து வளைவதற்கென்றே செய்யப்பட்ட மெல்லிழைக் கேபிளை முழு நீளத்துக்கும் புதிதாக இடுங்கள். அறுந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போட்டால், ஒட்டின் இரு ஓரங்களிலும் வளைவு குவிந்து அங்கேயே மறுபடி அறும்.